திங்கட்கிழமை வயிற்றுவலி

உங்கள் வீட்டிலும் ஒரு ஃபைல் இருக்கும். பிள்ளையின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் ஃபைல். அதில் வயிற்று ஸ்கேன் இருக்கும், ரத்தப் பரிசோதனை இருக்கும், தலைவலிக்குக் கண் டாக்டர் எழுதிய சீட்டு இருக்கும், பூச்சி மருந்து வாங்கிய பில்கூட இருக்கும். எல்லாவற்றிலும் 'நார்மல்'. அந்த நார்மலைப் பார்த்ததும் சிலர் 'அப்பாடா' என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சிலர் 'இவருக்கு ஒண்ணும் தெரியலை' என்று அடுத்த டாக்டரைத் தேடுகிறோம். வலி எந்தக் கிழமையில் வருகிறது, எந்தக் கிழமையில் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துவைத்த வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

குறித்திருந்தால் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. தசரா விடுமுறையில் இல்லவே இல்லை. நம் மைசூர் ஜம்பு சவாரிக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நின்றபோது இல்லை. விடுமுறை முடியும் கடைசி ராத்திரி மெதுவாகத் தலைகாட்டும். பள்ளி திறக்கிற அன்று காலை முழு வலியாக வந்து உட்காரும்.

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். மணி ஏழே முக்கால். வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. தட்டில் தோசை ஓரத்தில் மட்டும் பிய்ந்திருக்கிறது. ஒரு காலில் சாக்ஸ், இன்னொன்று சோபாவுக்கு அடியில். பிள்ளை மறுபடியும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டது. வெளியே நின்று கதவைத் தட்டுகிறோம். "நடிக்காதே! நேத்து ராத்திரி டிவி பாக்கும்போது எங்க போச்சு இந்த வலி?"

கேள்வி சரியான கேள்விதான். ஆனால் பதில் தெரிந்துகொள்ள நாம் அதைக் கேட்பதில்லை, வாயை அடைக்கக் கேட்கிறோம். பயம் வந்தால் உடம்பு தன் வேலையைச் செய்யும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்பும். குமட்டும், குடல் கலங்கும், உள்ளங்கை வியர்க்கும். புலி துரத்தினால் ஓடுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. புலிக்குப் பதில் கணக்கு டெஸ்ட் வந்தாலும், வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருந்தாலும், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. வலி நிஜம். அதன் காரணம்தான் வயிற்றில் இல்லை.

பயப்படுகிற பிள்ளையெல்லாம் நோயாளி என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சைக்கு முன்னால் கொஞ்சம் படபடப்பு வராத பிள்ளைதான் நமக்குக் கவலை. மூன்று வயதில் இருட்டைப் பார்த்துப் பயப்படுவதும், பள்ளியில் சேர்த்த முதல் மாதம் அழுவதும் வளர்ச்சியின் கணக்கில் சேரும். அளவைப் பாருங்கள், காலத்தைப் பாருங்கள், எதெல்லாம் நின்றுபோயிற்று என்று பாருங்கள். அம்மாவைப் பிரிய முடியாத பயம் வயதுக்கு மீறி நாலு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவம் அதைக் கவனிக்கச் சொல்கிறது. எதற்கெடுத்தாலும் கவலை என்ற நிலை ஆறு மாதம் தொடர்ந்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. பிறந்தநாள் விழாவுக்குப் போவது நின்றதா? மாடியில் தனியாகத் தூங்குவது நின்றதா? பள்ளியே நின்றதா? பதற்றம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறது என்றால் அது சுபாவம் இல்லை.

நமக்குக் கண்ணில் படாத வகைகளும் இருக்கின்றன. அழாத, அடம்பிடிக்காத, மார்க் வாங்குகிற பிள்ளை. ஒரே பக்கத்தை நாலு தடவை அழித்து அழித்து எழுதுகிற பெண். "அம்மா, நீ சாயங்காலம் கண்டிப்பா வருவேல்ல? விபத்து ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று தினம் கேட்டு, பதில் வாங்கி, அரை மணியில் மறுபடி கேட்கிற பையன். இவர்களை நாம் 'பொறுப்பு', 'பாசம்' என்று புகழ்ந்துகொண்டிருக்கிறோம். இதற்கு நேர்மாறாகச் சுள்ளென்று எரிந்துவிழுகிற பிள்ளைக்குத் 'திமிர்' என்று பெயர் வைக்கிறோம். பயம் ஆண்பிள்ளைகளிடம் பல சமயம் கோபமாகத்தான் வெளியே வரும். பயந்தால் அசிங்கம் என்று நாம்தானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

பி.யு., அதாவது பிளஸ் டூ, படிக்கிற பிள்ளைகள் விஷயம் வேறு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்பார்கள். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காஷுவாலிட்டிக்கு ஓடுவோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்பார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை, பிள்ளைக்கே ஒன்றுமில்லை என்று சொன்னதாக நாம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடுகிற அந்தப் பீதி மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பிள்ளை பஸ்ஸில் ஏறுவதை நிறுத்துகிறான், லைப்ரரிக்குப் போவதை நிறுத்துகிறான், கடைசியில் காலேஜுக்கு முழுக்குப் போடுகிறான். நாம் 'லவ் ஃபெயிலியரா' என்று அவன் போனைத் துருவுகிறோம்.

இது எங்கோ யாருக்கோ வருவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 40 பேர் உட்காரும் வகுப்பில் அது ஏறக்குறைய மூன்று பேர். அமெரிக்காவில் 2005 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், பதற்ற நோய்கள் ஆரம்பிக்கும் வயதின் நடுப்புள்ளி 11 என்று வந்தது. ஆறாம் வகுப்பு. 'பத்தாவது வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று நாம் ஒத்திப்போடுகிறோமே, அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே விஷயம் ஆரம்பித்துவிடுகிறது.

"எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று ஒரு மாமா கேட்பார். பேஷாக இருந்தது, மாமா. எட்டாவதோடு நின்றுபோய், ஏன் நின்றான் என்று யாரும் கேட்காத ஒரு சித்தப்பா இருந்தார். எந்தக் கல்யாணத்துக்கும் வராமல் 'கூச்ச சுபாவம்' என்று பேர் வாங்கிய அத்தை இருந்தாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்த பெரியப்பா இருந்தார். ராத்திரி அலறி எழுந்த பிள்ளைக்கு வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இருந்ததெல்லாம் இருந்தது. சேதாரத்தைக் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்கிறேன்: பதற்றம் குடும்பத்தில் ஓடும். உங்கள் பிள்ளையின் பயத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சித்தப்பாவை நினைத்துப் பாருங்கள். முடிந்தால் கண்ணாடியையும் பாருங்கள். பிக்னிக்குக்கு அனுப்பிவிட்டு பஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டுவதற்குள் ஐந்து தடவை டீச்சருக்குப் போன் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இந்த ஊர்க்காரர்களுக்குச் சுவாமியைத் தெரியும். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். எண்பதுகளில் சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரை தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். நாராயணின் சுவாமி கதைகளில் ஒன்று, 'ஃபாதர்ஸ் ஹெல்ப்'. திங்கட்கிழமை காலை சுவாமிக்குத் தலைவலி. அம்மா வீட்டிலேயே இரு என்கிறாள். அப்பா விடுவதாயில்லை, ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதத்தையும் கொடுத்துத் துரத்துகிறார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். நாராயண் மேல் தப்பில்லை. அந்தத் தலைவலி ஒரு நாள் சோம்பேறித்தனத்தில் விளைந்தது. ஆனால் திங்கட்கிழமைத் தலைவலி எல்லாமே சுவாமியின் தலைவலி என்று நாம் முடிவு கட்டிக்கொண்டோமே, அதுதான் வினை.

அதே நாராயண் எழுதிய 'எ ஹீரோ' கதையை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். பாட்டி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற சுவாமியை, தைரியம் வர வேண்டும் என்று அப்பா தன் ஆபீஸ் அறையில் தனியாகப் படுக்க வைக்கிறார். பையன் பயத்தில் உறைகிறான். பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். திருடன் ஒருவன் வர, பேய் என்று நினைத்து அவன் காலைக் கடித்துவிடுகிறான். திருடன் பிடிபட்டதும் ஊரே சுவாமியை வீரன் என்கிறது. நம் வீடுகளில் அப்படித் திருடன் வந்து பிள்ளையை வீரனாக்கிவிட்டுப் போவதில்லை. கதையிலேயேகூட மறுநாள் ராத்திரி சுவாமி எங்கே படுத்தான்? பாட்டி பக்கத்தில்தான்.

நாம் செய்கிற இரண்டு தப்பும் அந்த ஒரு வீட்டிலேயே இருக்கின்றன. ஒன்று பாட்டி, இன்னொன்று அப்பா. பாட்டி வழி இப்படி: பயப்படுகிறானா, விட்டுவிடு. பள்ளிக்கு லீவு லெட்டர் எழுது. விருந்தாளி கேட்கிற கேள்விக்கு அவனுக்குப் பதில் நீ சொல்லு. கடைக்கு நீயே போய்விடு. அந்த நிமிஷம் பிள்ளைக்கு நிம்மதி, நமக்கும் நிம்மதி. ஆனால் பிள்ளையின் மூளை அங்கே ஒரு பாடம் படித்துவிடுகிறது. 'தப்பித்தேன், அதனால் பிழைத்தேன். அப்படியானால் அங்கே நிஜமாகவே ஆபத்து இருந்திருக்கிறது.' அடுத்த தடவை பயம் கொஞ்சம் பெரிதாக வரும். அப்பா வழி வேறு: கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளு, தானாகச் சரியாகிவிடும். தள்ளப்பட்ட பிள்ளை பயத்தின் உச்சியில் ஓடிவருகிறது. படிக்கிற பாடம் அதேதான்.

பெரும்பாலான வீடுகளில் திங்கள், புதன் பாட்டி ஆட்சி. செவ்வாய், வியாழன் அப்பா ஆட்சி. இரண்டையும் கலந்து கொடுத்தால் எந்தப் பிள்ளைதான் குழம்பாது?

நாம் என்ன, உதவி கேட்க ஆளில்லாத காட்டிலா குடியிருக்கிறோம்? 1924 இல், நாட்டின் முக்கால்வாசிப் பல்கலைக்கழகங்கள் உளவியல் என்ற பேச்சையே எடுக்காத காலத்தில், மகாராஜா கல்லூரியில் உளவியல் துறை தொடங்கிய ஊர் இது. லண்டனில் உளவியல் அறிஞர் ஸ்பியர்மனிடம் படித்துவிட்டு வந்த எம்.வி. கோபாலசாமி அதைத் தொடங்கினார். அவரே 1935 இல் ஒண்டிக்கொப்பலில் தன் வீட்டிலிருந்து வானொலி நடத்தி, 'ஆகாசவாணி' என்ற பெயரையும் நாட்டுக்குக் கொடுத்தவர். வானொலியை வாங்கிக்கொண்டோம், உளவியலைக் காலேஜ் காம்பவுண்டுக்குள்ளேயே விட்டுவிட்டோம்.

மானசகங்கோத்ரியில், 1965 இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. காது கேளாத குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அங்கே மருத்துவ உளவியல் துறையும் இருக்கிறது. கே.ஆர். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஜே.எஸ்.எஸ். ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் நிம்ஹான்ஸ் இருக்கும் பெங்களூருக்குக் காலை ரயில் பிடித்து ராத்திரி திரும்பிவிடலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று இன்று நாடு முழுக்க இருப்பதற்கு மாதிரியே எண்பதுகளில் நம் கர்நாடகத்தின் பெல்லாரியில் நடந்த முயற்சிதான்.

ஒரு வேடிக்கை. மனசு அமைதியாக வேண்டும் என்று உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து விமானம் ஏறி வந்து கோகுலத்தில் அறை எடுத்து யோகா பயில்கிறார்கள். அதே கோகுலத்தில் நான்காவது வீட்டில் ஒரு பெண் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுகிறாள், வெளியே நாம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி ஏறுங்கள், உடம்புக்கு நல்லது. நஞ்சன்கூடு போங்கள். நஞ்சுண்டேஸ்வரருக்கு ஹக்கீம் நஞ்சுண்டா என்றே ஒரு பெயர் உண்டு. தன் யானைக்குக் கண் சரியான நன்றியில் திப்பு சுல்தான் அப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். வைத்தியர் என்று பேர் வாங்கிய சாமி, இன்னொரு வைத்தியரிடம் போவதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

முதலில் உங்கள் குழந்தை மருத்துவரிடமே போங்கள். தைராய்டு, ரத்தசோகை, ஆஸ்துமா போன்றவையும் படபடப்பைக் கொடுக்கும், அவற்றை அவர் பார்த்து விலக்கட்டும். ஆனால் அவரிடம் உடம்பை மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கிழமை, எந்த நேரம், எதற்கு முன்னால் என்று அந்தத் துண்டுக் காகிதத்தை இரண்டு வாரம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே இருக்கும். பிறகு மனநல மருத்துவர் அல்லது கிளினிகல் சைக்காலஜிஸ்ட். போர்டு மாட்டியவர் எல்லாம் ஒன்றில்லை. வார இறுதியில் ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் முடித்துவிட்டு 'கவுன்சலர்' என்று போட்டுக்கொள்கிறவர்களும் நம் தெருக்களில் உண்டு. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தகுதி உள்ளவர் கோபப்படமாட்டார். தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்குகிற நாம் இதைக் கேட்கக் கூச்சப்படுவானேன்?

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பேர் வாசலோடு திரும்புகிறோம். அங்கே யாரும் பிள்ளையைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து ரகசியம் கறப்பதில்லை, 'தைரியமா இரு கண்ணா' என்று உபதேசம் செய்து அனுப்புவதும் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். முதலில் அவள் பயங்களுக்கு அவளே பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடுவாள். பிறகு ஒரு காகிதத்தில் ஏணி ஒன்று வரைவார்கள். கீழ்ப் படி: நந்தினி பூத்தில் தானே போய் அரை லிட்டர் பால் கேட்பது. அடுத்தது: அம்மா கையில் போனைக் கொடுக்காமல் அத்தையிடம் ஒரு நிமிஷம் பேசுவது. அதற்கு மேல்: சிட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் தன் டிக்கெட்டைத் தானே கேட்பது. பிறகு: பக்கத்து பெஞ்சில் சந்தேகம் கேட்பது. இன்னும் மேலே: டீச்சரிடம் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு வகுப்பில் ஒரே ஒரு வரி வாசிப்பது. உச்சியில்: யாரும் சொல்லாமல் கையைத் தூக்குவது.

சூட்சுமம் எங்கே என்றால், ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், நாக்கு வறளும், பால் பூத்துக்காரர் "ஏனு பேக்கு, புட்டி?" என்பார், குரல் கம்மும். நின்றால், பயந்தது நடக்கவில்லை என்று மூளை புதிய பாடம் படிக்கும். மறுநாள் அதே படி, மார்க் எட்டிலிருந்து ஆறு. சில நாளில் மூன்று. பிறகு அடுத்த படி. பாட்டி வழிக்கும் அப்பா வழிக்கும் நடுவில் இப்படி ஒரு பாதை இருக்கிறது. இதற்குத்தான் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சி.பி.டி.

பலன் உண்டா? அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரை பதற்ற நோயுள்ள 488 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2008 இல் வெளியானது. 12 வாரத்தில், இந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ராலின் என்ற மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 24. எல்லோருக்கும் பலித்துவிடவில்லை, ஆனால் 'தானாச் சரியாப்போகும்' என்று காத்திருப்பதற்கும் வைத்தியத்துக்கும் உள்ள தூரம் அந்த எண்களில் தெரிகிறது.

இன்னொரு ஆய்வு நமக்கு உறைக்க வேண்டியது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவரின் குழு 124 பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு சி.பி.டி. இன்னொன்றில் பிள்ளைகளை அழைக்கவே இல்லை, பெற்றோரை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவது, திரும்பத் திரும்ப உறுதி சொல்வது, பயத்துக்கு ஏற்ப வீட்டையே மாற்றி அமைப்பது ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் குறைப்பது என்பதே பாடம். 2020 இல் வெளியான முடிவு: இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே அளவு தேறினார்கள். பிள்ளை வரமாட்டேன் என்கிறான், அதனால் நாங்களும் போகவில்லை என்று இனி யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அங்கே சொல்லித்தருவதில் ஒரு துளி: "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. உன்னால தாங்கிக்க முடியும்னும் எனக்குத் தெரியும்." இரண்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாக ஒன்றைத்தான் சொல்கிறோம்.

இனி மாத்திரை. "அடிமையாகிடுவான்" என்பதுதான் முதல் பயம். பதற்றத்துக்கு மனநல மருத்துவர்கள் நீண்ட நாளைக்கு எழுதிக் கொடுக்கிற செர்ட்ராலின் வகை மருந்துகள் போதை தருபவை அல்ல. ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. இவ்வளவுக்கும் பயப்படுகிற அதே வீட்டில், பெரியம்மாவின் டப்பாவிலிருந்து ஆல்பிரசோலம் பாதி உடைத்து, 'தூங்கி எழுந்தா சரியாகிடும்' என்று பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். பழக்கமாகிவிடும் மாத்திரை அதுதான். தயவுசெய்து அந்த டப்பாவைப் பூட்டிவையுங்கள்.

அடுத்தது, "பொண்ணுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் ஆக வேண்டாமா?" அவளுக்கு வயது பன்னிரண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைக் கொடுக்கிறது. உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆஸ்பத்திரி ஊருக்குச் சொல்லாது. ஊருக்குச் சொல்வது யார் என்று உங்களுக்கே தெரியும். குடும்ப வாட்ஸ்அப்பில் பிள்ளையின் மார்க்கை மட்டுமா போடுகிறோம், அவன் அழுததையும் சிரிப்புப் பொம்மையோடு போடுகிறோமே.

"அவங்க கன்னடத்துல பேசுவாங்க, நமக்கு வராது" என்பது இன்னொன்று. நமக்கு வராது, சரி. தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசுகிற பிள்ளைக்கு மூன்றும் வரும். அம்மாவுக்குப் புரியாத மொழியில் மனசைச் சொல்வது சில பிள்ளைகளுக்குச் சுலபமாகவும் இருக்கும். எந்த மொழி என்று அதுவே முடிவு செய்யட்டும். தமிழில்தான் பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழும் கன்னடமும் உட்பட 20 மொழிகளில் பேசலாம். பிள்ளை 'நான் இருக்கவே வேண்டாம்' என்பதுபோல ஒரு வார்த்தை விட்டால், அதைச் சும்மா மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், தனியாகவும் விட வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.

பள்ளிக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போயிருந்த 17 வயதுப் பெண் 2023 இல் இறந்துபோனாள். அவள் தந்தை தொடுத்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மார்க் அடிப்படையில் செக்ஷன் பிரிப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது கூடாது என்பதும் உண்டு. பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். பெற்றோர் கூட்டத்தில் ஆண்டு விழா டிரெஸ்ஸுக்கு ஏன் இவ்வளவு வாங்குகிறீர்கள் என்று அரை மணி நேரம் சண்டை போடுகிறோமே, அதில் இரண்டு நிமிஷம் எடுத்து, 'உங்க கவுன்சலர் யாரு, என்ன படிச்சிருக்காங்க, என் பிள்ளை அவங்களை எப்போ பாக்கலாம்' என்று கேளுங்கள். பி.டி. மாஸ்டரையே கவுன்சலர் என்று காட்டினால் விடாதீர்கள்.

கடைசியாக அப்பாக்களிடம் ஒரு வார்த்தை, கோபமாகவே. ஆலோசனைக்கு வருகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் அந்த பிளாஸ்டிக் ஃபைல், இன்னொரு கையில் பிள்ளை. "அவர் வரலியா?" என்று கேட்டால், "கார்ல இருக்கார், பார்க்கிங் கிடைக்கலை" என்கிறார்கள். பி.யு. அட்மிஷனுக்கு வரிசையில் நிற்க உங்களுக்குப் பார்க்கிங் கிடைத்தது. வீட்டில் தோசைத் தட்டுக்கு முன்னால் கத்துகிற குரல் உங்களுடையது என்றால், அந்தக் குரலை என்ன செய்வது என்று சொல்லித்தருகிற இடத்தில் நீங்கள் இல்லாமல் எப்படி? அம்மா வந்து விளக்கினால் 'அவங்க காசு வாங்கிட்டு ஏதோ சொல்றாங்க' என்று ராத்திரி அடித்துப் பேசவும் செய்கிறீர்கள். அடுத்த தடவை வண்டியை எங்காவது நிழலில் விட்டுவிட்டு, போனை உள்ளே வைத்துவிட்டு, நீங்களும் உள்ளே வாருங்கள் சார். நாற்காலி மூன்றாவதாக ஒன்று போட்டிருப்பார்கள்.